நின்னாங்க, ஆனா பாடல

எங்க சபைல பைபிள்ல இருக்குற தானியேல் மூணாம் அதிகாரத்த எடுத்து பிரசங்கம் பண்ணாத வருஷமே கிடையாது. ராஜா வச்ச பொற்சிலைய வணங்க மாட்டோம்னு நின்ன சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ, அவங்கள தூக்கிப் போட ஏழு மடங்கு சூடாக்குன சூளை, ராஜா எட்டிப் பாத்தா உள்ள நாலு பேர் உலாவுறாங்க, எல்லாம் சண்டே ஸ்கூல் பிள்ளைக்கே அத்துப்படி. ஆனா பக்கத்து கேரளாலயே, 1985லயே, இப்படி மூணு பேர் நின்னத பத்தி எந்த போதகரும் பேசி நான் கேட்டதில்ல. ஏன்னு தெரியும். அவங்க யெகோவா சாட்சிகள், பைபிளத்தான் நம்புறாங்க, ஆனா மத்த சபைங்களோட சேராத தனிப் பிரிவு, நம்மாளுங்க கணக்குல துர்உபதேசக் கூட்டம்.

விஷயம் இதுதான். ஒரு அண்ணன், ரெண்டு தங்கச்சி, பத்தாவது, ஒன்பதாவது, அஞ்சாவது. தினமும் அசெம்ப்ளில ஜன கண மன பாடுறப்ப மரியாதையா எந்திரிச்சு நிப்பாங்க, ஆனா பாட மாட்டாங்க, யெகோவாவுக்கு மட்டும்தான் அந்த மாதிரி துதின்னு அவங்க நம்பிக்கை. இவங்களுக்கு முன்னாடி அக்காமாரும் அதே ஸ்கூல்ல இப்படித்தான் நின்னுட்டு படிச்சு முடிச்சு போயிருக்காங்க, ஒருத்தரும் கண்டுக்கல. அந்த ஜூலைல ஒரு எம்எல்ஏ கண்ணுல பட்டுச்சு, சட்டசபைல கேள்வி கேட்டார், விசாரணை கமிஷன் போட்டாங்க. கமிஷன் என்ன சொல்லுச்சு தெரியுமா, பிள்ளைங்க ஒழுங்கான பிள்ளைங்க, தேசிய கீதத்துக்கு அவமரியாதை எதுவும் பண்ணலன்னு. அப்புறமும் ஜூலை 26 அன்னைக்கு மூணு பேரையும் ஸ்கூல விட்டு அனுப்பிட்டாங்க.

அப்பா கேரளா ஹைகோர்ட்டுக்கு போனார், தோத்தார். அங்க நடந்தத படிச்சா சிரிப்பு வரும், பாட்டுல ஒவ்வொரு வார்த்தையா பாத்து எந்த மதத்தையும் புண்படுத்துற மாதிரி ஒண்ணுமில்லன்னு தள்ளுபடி பண்ணிட்டாங்க. அவங்க பிரச்சனை வார்த்தைல இல்லவே இல்ல, எந்த நாட்டு கீதமா இருந்தாலும் அவங்க பாட மாட்டாங்க, அமெரிக்காலயும் கொடி வணக்கம் பண்ண மாட்டோம்னு கோர்ட் வரைக்கும் போய் 1943ல ஜெயிச்ச ஆளுங்க. ஹிட்லர் காலத்துல வதை முகாம்ல கைதி சட்டைல அடையாளமா ஊதா முக்கோணம் குத்தி வச்சிருந்தது இவங்களுக்குத்தான், விசுவாசத்த மறுதலிக்கிறேன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டா வெளிய விடுறோம்னு சொல்லியும் பெரும்பாலானவங்க போடல.

1986 ஆகஸ்ட் 11ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்ப மாத்துச்சு. ஜட்ஜ் சின்னப்ப ரெட்டி எழுதுனதோட சாரம், இந்த நம்பிக்கை நம்ம புத்திக்கு சரியா படுதா இல்லையாங்கறது கேள்வியே இல்ல, அவங்க அத மனசாட்சியோட உண்மையா நம்புறாங்களாங்கறதுதான் கேள்வி. எந்திரிச்சு நின்னதே மரியாதை, பாடியே ஆகணும்னு சட்டம் எதுவும் இல்ல. பிள்ளைங்கள திருப்பி சேத்துக்க சொல்லிட்டார்.

நான் ஜன கண மன சத்தமாவே பாடுவேன், அதுல எனக்கு ஒரு உறுத்தலும் கிடையாது. ஆனா அந்தப் பிள்ளைங்க மத்தவங்கள பாடாதீங்கன்னு சொல்லல, கோஷம் போடல, போனது அவங்க படிப்பு மட்டும்தான். நம்ம பக்கம் கொள்கை எப்படின்னா, ஞாயித்துக்கிழமை பரீட்சை வச்சா கொதிக்கிறோம், அதே ஞாயித்துக்கிழமை சொந்தக்காரன் வீட்டு கல்யாணம்னா ஆராதனை பாதில நைசா நழுவிடுறோம்.

எங்க வொர்க்‌ஷாப்ல ஒரு அக்கா இருக்காங்க, பெந்தெகொஸ்தே. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் லேத் மெஷின மண்ணெண்ணெய் போட்டு தொடச்சு, அடில கிடக்குற இரும்புச் சுருள் எல்லாம் அள்ளி, முதல் ஆளா நிக்கிறது அவங்கதான். சந்தனம் குங்குமம் வைக்கிறப்ப மட்டும் ஓரமா ஒதுங்கி நிப்பாங்க, பொரியும் சுண்டலும் நீட்டுனா "வேணாம்ண்ணா, நீங்க சாப்பிடுங்க"ன்னு சிரிப்பாங்க. நான் வாங்கி சாப்பிடுவேன், படைச்ச சாப்பாட்ட பத்தி பைபிள்ல கொரிந்தியர்ல பவுல் எழுதுனத நான் புரிஞ்சிக்கிட்டது அப்படி. ரெண்டு பேருக்கும் இதுல சண்டையே வந்ததில்ல. அவங்க பொரி வேணாம்னு சொன்னதுல ஓனரும் கோவிச்சுக்கிட்டதில்ல, பொரிக்கு பதிலா ஆப்பிள் குடுத்து விடுவார்.

சாட்சிகள் கிட்ட என்னால ஏத்துக்கவே முடியாதது ரத்தம் ஏத்த மாட்டோம்ங்கறது. பெரியவங்க தனக்குன்னு முடிவெடுத்தா அது அவங்க இஷ்டம், ஆஸ்பத்திரில கிடக்குற குழந்தைக்கும் அதேதான்னா எனக்கு மனசு ஒப்பல. அப்படிப் பாத்தா அந்த அசெம்ப்ளில நின்ன அஞ்சாங்கிளாஸ் பிள்ளையோட நம்பிக்கை எவ்ளோ அவளோடது, எவ்ளோ அப்பாவோடதுன்னும் கேக்கணும். கேட்டா அந்தக் கேள்வி எங்க வீட்டுக்கும் வந்து நிக்கும். என் பொண்ணும் அஞ்சாவதுதான், ஞாயித்துக்கிழமை காலைல எழுப்பி, தல பின்னி, மனப்பாட வசனம் கேட்டு சர்ச்சுக்கு கூட்டிட்டுப் போறது நான்தான், போறியாம்மான்னு இதுவரைக்கும் கேட்டதில்ல, கேக்குற ஐடியாவும் இப்போதைக்கு இல்ல.