டீ டவல் சேகரிப்பு: எடை போட்டு, ஊறவைத்து, மடித்துப் பார்த்ததில் தெரிந்தவை

பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா பக்கம் ஊர் சுற்றப் போகிறவர்கள் கடைசி நிமிடத்தில் வாங்கும் சாமான் பெரும்பாலும் டீ டவல், அதாவது கழுவிய பாத்திரம் துடைக்கும் துணிதான். உடையாது, கெட்டுப்போகாது, பெட்டியில் இடம் அடைக்காது. கோட்டை, ஊர் வரைபடம், சோடா ரொட்டி செய்முறை, அரச குடும்பத்துக் கல்யாணம் என்று எல்லாமே அந்த அரை மீட்டர் துணியில் அச்சாகி வரும். நம் பக்கம் கரித்துணி பழைய வேட்டியைக் கிழித்தால் கிடைப்பது. அதைக் காசு கொடுத்து வாங்கிப் பரிசாகவும் தருகிறார்கள் என்றால் சிரிப்புதான் வரும். கரூரில் மட்டும் யாரும் சிரிக்க மாட்டார்கள். கிச்சன் டவல், ஏப்ரன், மேசை விரிப்பு ஆகியவற்றை நெய்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பியே வளர்ந்த ஊர் அது.

சேகரிப்பில் இறங்கும் எல்லாரும் முதலில் படத்தைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். கொஞ்ச காலம் போனால் தெரியும்: படம் மட்டும் நன்றாக இருந்தவை பீரோவில் கிடக்கும், துணியும் நன்றாக இருந்தவை அடுப்படியில் தொங்கும். பரிசாகக் கொடுப்பதற்கு இந்த இரண்டாவது வகைதான் சரி. துடைக்காத டவலைக் கொடுப்பதற்கு வாழ்த்து அட்டை கொடுத்துவிடலாம், செலவாவது குறையும்.

துணியைச் சோதிப்பது

சமையலறைத் தராசு ஒன்று போதும். வழக்கமான டீ டவல் 50 × 70 செ.மீ.; அயர்லாந்து லினன் (ஆளிச்செடி நாரில் நெய்தது) டவல்கள் 48 × 74 செ.மீ. வாக்கில் இருக்கும். இரண்டுமே ஏறக்குறைய 0.35 சதுர மீட்டர்தான். டவலின் எடையை 0.35-ஆல் வகுத்தால் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது வந்துவிடும். 70 கிராம் என்றால் 200 ஜி.எஸ்.எம். பருத்தியில் 180 முதல் 220 வரை இருந்தால் நல்ல உழைப்பு. 45 கிராம்தான் காட்டுகிறது என்றால் 130-ஐத் தாண்டாது. இரண்டு தட்டு துடைத்ததும் சொதசொதவென்று ஆகிவிடும். லினனுக்கு 150 இருந்தாலே போதும், ஈரத்தை அது வேகமாக இழுக்கும், வேகமாகவே உலரும், கண்ணாடி டம்ளரில் பஞ்சு ஒட்டவும் ஒட்டாது.

அடுத்தது சொட்டுச் சோதனை. புது டவலை விரித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். முத்தாக உருண்டு நின்றால் கஞ்சியோ, மென்மைக்காகப் போடும் பூச்சோ துணியில் இருக்கிறது என்று அர்த்தம். அது குற்றம் இல்லை. இரண்டு மூன்று சலவையில் போய்விடும். அப்புறமும் சொட்டு நின்றால் பாலியெஸ்டர் கலந்திருக்கலாம். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினால் தெரிந்துவிடும்: பருத்தியும் லினனும் காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாக உறையும். போட்டோ மாதிரி துல்லியமான படம், பின்புறம் பளிச்சென்று வெள்ளை, துணி வழுவழுப்பு, இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும் சுற்றுலாக் கடை டவலை இந்தச் சோதனை செய்யாமல் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

லினனா, கலப்பா என்பதற்கு நெருப்பு உதவாது. லேபிளில் ‘லினன் யூனியன்’ என்று இருந்தால் பாவு (நெடுக்கு நூல்) பருத்தி, ஊடை (குறுக்கு நூல்) லினன். லேபிள் இல்லாவிட்டால் நெடுக்கில் ஒரு நூல், குறுக்கில் ஒரு நூல் உருவி, முறுக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பருத்தி குட்டை குட்டை இழையாகப் பஞ்சுபோல அவிழும். லினன் இழை நீளமாக, விறைப்பாக நிற்கும். யூனியன் டவல் மட்டம் என்று சிலர் ஒதுக்குவது அநியாயம். அன்றாடப் புழக்கத்துக்கு அது நன்றாகவே உழைக்கும்.

அச்சைப் பார்க்க ஒரு இடம் இருக்கிறது: இரண்டு நிறம் சந்திக்கும் கோடு. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன். ஒன்று அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் இலைக்கும் அதன் பச்சைக்கும் நடுவே வெள்ளைக் கீற்று விழும். பழைய டவல்களில் இதைப் பெரிய குறையாக யாரும் எடுப்பதில்லை. இந்தத் தொந்தரவு வராத மாதிரி வரையத் தெரிந்தவர்கள்தான் இத்துறையில் பெயர் வாங்கினார்கள். துணி வடிவமைப்பாளர் லூசியன் டே 1959 வாக்கில் பெல்பாஸ்டின் தாமஸ் சோமர்செட் நிறுவனத்துக்கு வரைந்தவை, பேட் ஆல்பெக் (1930–2017) பிரிட்டனில் பழைய மாளிகைகளையும் நிலங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்டுக்காக வரைந்த 300-க்கும் மேற்பட்ட டவல்கள், இவையெல்லாம் சேகரிப்பாளர்கள் தேடிப் போகிற சரக்கு.

பழசைத் துவைப்பது

பெட்டியிலேயே முப்பது நாற்பது வருடம் கிடந்த, ஒரு தடவைகூடப் பயன்படுத்தாத டவலுக்குத்தான் விலை அதிகம். சிக்கலும் அதில்தான் அதிகம். மடிப்பு மடிப்பாகப் பழுப்புக் கோடு, கோட்டின் மேல் அச்சு வெடித்து வெள்ளையாகத் தெரிவது. பழுப்பு போகும், வெடிப்பு போகாது. லினன் இழை ஒரே இடத்தில் மடிந்து கிடந்தால் அங்கேயே முறிந்துவிடும், அதற்கு மருந்து கிடையாது. விலை பேசும்போது டவலை முழுக்க விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

பழுப்பை எடுக்குமுன் சாயம் நிற்குமா என்று பார்க்க வேண்டும். ஒரு மூலையை நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் போதும். வெள்ளையில் நிறம் இறங்கினால் பச்சைத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். வினிகரும் உப்பும் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். பருத்தியிலும் லினனிலும் அது நடப்பதில்லை.

நிறம் இறங்கவில்லை என்றால்: 5 லிட்டர் தண்ணீர், சூடு 40 முதல் 50 டிகிரி, அதில் இரண்டு மேசைக்கரண்டி ஆக்ஸிஜன் ப்ளீச் (சோடியம் பெர்கார்பனேட்). தூள் முழுக்கக் கரைந்த பிறகே டவலை இறக்க வேண்டும், கரையாத தூள் படும் இடம் வெளுத்துப் புள்ளியாகும். நான்கு முதல் ஆறு மணி நேரம். முதல் ஒரு மணி நேரத்திலேயே தண்ணீர் கடுங்காப்பி நிறத்துக்கு வந்தால் பயப்பட வேண்டாம், சாயம் இல்லை, அழுக்குதான். ஆறிப்போன தண்ணீரில் இந்தத் தூள் வேலை செய்யாது. ராத்திரி முழுக்க ஊறவைப்பதால் கூடுதல் பலன் ஒன்றும் இல்லை. குளோரின் ப்ளீச் பக்கமே போகக் கூடாது. இழையை அரிக்கும், அச்சை உறிஞ்சும், இரும்புக் கறை இருந்தால் அதை இன்னும் கெட்டியாக்கும். இரும்புக் கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி அரை மணி விட்டு நன்றாக அலசினால் போதும்.

மஞ்சள்தூள் கறை நம் வீடுகளுக்கே உரிய பிரச்சினை. லண்டன் கோட்டைப் படம் போட்ட டவலில் சாம்பார் பட்டுவிட்டால், சோப்புப் போட்டதும் கறை ரத்தச் சிவப்பாக மாறும். கறை பெருகிவிட்டது என்று நினைத்து மேலும் தேய்ப்பார்கள். அது சோப்பின் காரத்தன்மையில் மஞ்சள் நிறம் மாறுவது, அவ்வளவுதான். நன்றாக அலசி, ஈரத்தோடு வெயிலில் போட்டால் மஞ்சள் தானே வெளிறும். ஆனால் அதே வெயில் அச்சையும் வெளிறச் செய்யும். கறை ஓரத்தில் இருந்தால் படத்தின் மேல் வேறு துணி போர்த்தி, கறையை மட்டும் வெயிலுக்குக் காட்ட வேண்டும். படத்தின் நடுவிலேயே விழுந்தால், அந்த டவல் இனி அடுப்படிக்குத்தான் என்று எடுத்துக்கொள்வது நல்லது.

துணி மென்மையாக்கும் திரவம் எந்த டீ டவலுக்கும் வேண்டாம், இழையில் படிந்து ஈரம் இழுப்பதைக் கெடுக்கும். லினனை முழுக்க உலரவிடாமல், கொஞ்சம் ஈரமாக இருக்கும்போதே பின்புறமாக இஸ்திரி போட்டால் சுருக்கம் விடும். காய்ந்தபின் எவ்வளவு அழுத்தினாலும் விடாது.

வைப்பதற்கு மடிப்பைவிடச் சுருட்டல் மேல். அட்டைக் குழாயின் மேல் பழைய பருத்தித் துணியைச் சுற்றி, அதன் மேல் டவலை, படம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்ட வேண்டும். வெறும் அட்டையின் அமிலம் பட்டால் லினன் பழுக்கும். கஞ்சி போட்டு வைத்தால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. டவலைப் பரிசாகக் கொடுக்கிற நாளில்தான் கஞ்சி போட வேண்டும். பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் உள்ளே சிக்கும்.

எந்தக் காலத்து டவல்?

விற்பவர் ‘அறுபதுகள்’ என்று சொல்வார். டவலே சாட்சி சொல்லும். ஒட்டிய விலைச்சீட்டில் ஷில்லிங், பென்ஸ் கணக்கு இருந்தால் பிரிட்டனில் 1971 பிப்ரவரி 15-க்கு முன்பு, ஆஸ்திரேலியாவில் 1966 பிப்ரவரி 14-க்கு முன்பு. இங்கிலாந்து மாவட்ட வரைபடம் என்றால் இன்னும் சுலபம். ஏவன், கிளீவ்லாந்து, ஹம்பர்சைடு என்ற பெயர்கள் இருந்தால் 1974-க்கும் 1996-க்கும் நடுவே வரைந்தது; அந்த மாவட்டங்கள் இருந்ததே அந்த 22 வருடம்தான். அரச விழா டவல்களில் ஆண்டு அச்சிலேயே இருக்கும்: 1953 எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழா, 1977 அவரது ஆட்சியின் வெள்ளி விழா, 1981 ஜூலை 29 சார்லஸ்–டயானா கல்யாணம். 1981-க்கு அச்சானவை ஏராளம், அரிது என்று சொல்லி விலை ஏற்றினால் நம்ப வேண்டாம்.

திரும்பி வரும் நாட்காட்டி

பரிசுக்கு நாட்காட்டி டவலைவிட நல்ல வகை இல்லை என்பது எங்கள் கட்சி. மேலே மரக் கம்பு, கயிறு, நடுவில் படம், சுற்றிலும் பன்னிரண்டு மாதம். வருடம் முடிந்ததும் கம்பை உருவிவிட்டுத் தட்டு துடைக்கலாம். ஆனால் அதே நாட்காட்டி திரும்பி வரும். 2026-க்கு 1970, 1981, 1987, 1998 ஆண்டுகளின் டவல்கள் நாள் பிசகாமல் பொருந்தும். 2027-க்கு 1971, 1982, 1993, 1999. 2028 லீப் வருடம், அதற்கு 1972, 2000 மட்டும்தான். லீப் வருட நாட்காட்டி 28 வருடத்துக்கு ஒருமுறைதான் திரும்பும். ஈஸ்டர் போல நகரும் பண்டிகைகளின் தேதி குறித்திருந்தால் அதை மட்டும் நம்பக் கூடாது. 1981-ல் பிறந்தவருக்கு 2026 தொடக்கத்தில் அந்த ஆண்டின் டவலைக் கொடுத்தால், பிறந்த வருடத்து நாட்காட்டியைச் சமையலறையில் மாட்டி, அதிலேயே நாள் பார்க்கலாம்.

கம்பு தொலைந்திருந்தால் 12 மி.மீ. உருளைக் கம்பு, டவல் அகலத்தைவிட இரண்டு பக்கமும் 3 செ.மீ. நீளமாக. டவலைத் துளைக்கவோ ஆணி அடிக்கவோ வேண்டாம். பின்புறம் பருத்தி நாடாவைக் குழாயாகத் தைத்து அதற்குள் கம்பை நுழைக்கலாம். எண்ணெய்ப் புகை படாத, நேர் வெயில் விழாத சுவர் வேண்டும்.

கட்டுவதும் அனுப்புவதும்

டவலையே பரிசு உறையாகக் கட்டுவது பார்க்க அழகு, ஆனால் கணக்கு ஒத்துவர வேண்டும். 15 செ.மீ. உயரம், 9 செ.மீ. அகலம் உள்ள ஊறுகாய் பாட்டிலை 50 × 70 டவலின் நடுவில் வைத்து நீளப் பக்கத்தைத் தூக்கினால், மூடியின் நடுவில் முனைகள் சேர்ந்த பிறகும் முடிச்சுக்கு ஒவ்வொரு பக்கமும் 11 செ.மீ. மிஞ்சும். 30 செ.மீ. ஒயின் பாட்டிலுக்கு அதே நீளப் பக்கம் உச்சியில் சேரவே சேராது. மூலைவிட்டமாக வைத்தால் 86 செ.மீ. கிடைக்கும், சேரும், ஆனால் முடிச்சு விழாது. கழுத்தில் நூல் கட்டிவிட வேண்டியதுதான். கஞ்சி போட்ட புது லினனில் முடிச்சு நழுவும். ஒருமுறை துவைத்துவிட்டுக் கட்டுவது நல்லது.

பிரிட்டனுக்குள் தபாலில் அனுப்ப 48 × 74 டவலை அகலவாக்கில் இரண்டாகவும் நீளவாக்கில் மூன்றாகவும் மடித்தால் 24 × 25 செ.மீ. ராயல் மெயிலின் ‘லார்ஜ் லெட்டர்’ எல்லை 35.3 × 25 × 2.5 செ.மீ. என்பதால் ஒரு சென்டிமீட்டராவது இன்னும் குறுக்கி மடித்தால்தான் உறையோடு சேர்த்து உள்ளே போகும்.

கடைசியாக, பள்ளி டவல். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு முகம் வரைந்து, கீழே பெயர் எழுதி, எல்லாம் ஒரே டவலில் ஒற்றை நிறத்தில் அச்சாகும். விற்ற பணம் பள்ளி நிதிக்கு. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளுக்கும் இது நன்றாகப் பொருந்தும், ஆனால் தமிழ் எழுத்துக்கு இரண்டு எச்சரிக்கை. பென்சிலும் மெல்லிய பேனாவும் அச்சில் விடுபடும், கறுப்பு ஃபெல்ட் பேனாதான் வேண்டும். ண, ஞ, ணை போன்றவற்றின் சுழிகள் 6 மி.மீ.-க்குக் கீழே போனால் துணியில் மை பரவி அடைத்துக்கொள்ளும். புள்ளி பக்கத்துக் கோட்டோடு ஒட்டிவிடும். புள்ளி காணாமல் போனால் கார்த்திக் ‘காரததிக’ ஆகிவிடுவான். முன்மாதிரியைத் திரையில் பார்த்துச் சரி சொல்லாமல், டவல் அளவிலேயே தாளில் அச்செடுத்து, ஒவ்வொரு பெயரையும் அந்தந்தப் பிள்ளையிடமே காட்டிச் சரி வாங்கிவிட்டு அச்சுக்கு அனுப்ப வேண்டும்.