பெர்லின் நாட்குறிப்பு: சிக்னல் யார் கையில்?

அக்டோபர் 5, சனி

நேச நாடுகள் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தேன். அந்தக் காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் சினிமா பார்த்த ‘அவுட்போஸ்ட்’ தியேட்டர் இது. வெளியே ஹேஸ்டிங்ஸ் என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவ விமானம் நிற்கிறது, கிழக்கு, மேற்கு பெர்லினுக்கு நடுவே இருந்த செக்பாயின்ட் சார்லி சோதனைச்சாவடியின் காவல் கூண்டு இருக்கிறது. கூட்டமெல்லாம் அந்த இரண்டின் முன்னால்தான். நான் போனது பிரெஞ்சு ராணுவ ரயிலின் பெட்டியைப் பார்க்க. கதவுக் கைப்பிடி ஜில்லென்று இருந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை.

பெர்லின் பிரிந்திருந்தபோது மேற்கு பெர்லினைச் சுற்றிலும் கிழக்கு ஜெர்மனிதான். அதைக் கடந்து மேற்கு ஜெர்மனிக்குப் போக, மேற்கு பெர்லினிலிருந்த மூன்று படைகளும் ஆளுக்கொரு ரயில் விட்டன. அமெரிக்க ரயில் லிஷ்டர்ஃபெல்டே வெஸ்ட்டிலிருந்து, பிரிட்டிஷ் ரயில் ஷார்லாட்டன்பர்க்கிலிருந்து, பிரெஞ்சு ரயில் டேகலிலிருந்து. போர்ப்படையைப் பற்றி எழுத ஆள் நிறைய. இந்த ரயிலை ஓடவைத்த போக்குவரத்துப் பிரிவுக்காரர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

அக்டோபர் 6

போனில் அப்பாவிடம் சொன்னேன். ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் கேள்வியே, “ஏம்மா, சிக்னல் யார் கையில இருந்துச்சு?”

சரியான கேள்வி. பெட்டி மேற்கு நாட்டுப் படையுடையது; இன்ஜின், டிரைவர், சிக்னல் எல்லாம் கிழக்கு ஜெர்மனியின் ரயில்வே. மேற்கு பெர்லினுக்குள்ளேயும் தண்டவாளம் அவர்கள் பொறுப்புதான். அந்த உரிமை கைவிட்டுப் போகக் கூடாது என்றே ‘டாய்ச்ச ரைக்ஸ்பான்’ என்ற, ஜெர்மனி பிரிவதற்கு முன்பிருந்த ரயில்வேயின் பழைய பெயரைக் கடைசிவரை மாற்றாமல் வைத்திருந்தார்கள்.

சிக்னல் தங்கள் கையில் இல்லாதது மேற்குப் படைகளுக்கு 1948 ஏப்ரலிலேயே வலித்தது. அப்போது கிழக்குப் பகுதி சோவியத் படையின் பிடியில். ரயிலில் ஏறிச் சோதிப்போம் என்றது சோவியத் தரப்பு. ஜெர்மனியில் அமெரிக்கப் படைத் தலைவராக இருந்த ஜெனரல் கிளே ஒப்பவில்லை, காவலோடு ரயிலை அனுப்பிப் பார்த்தார். ஒரு ரயிலை அப்படியே பாயின்ட்டை மாற்றி பக்கத்துத் தடத்தில் தள்ளிவிட்டார்கள். சில நாள் அங்கேயே கிடந்து திரும்பியது. ஒரு குண்டு வெடிக்கவில்லை. ஜூன் 24 அன்று மேற்கு பெர்லினுக்கு ரயில், சாலை எல்லாம் அடைத்து முழு முற்றுகை. 1949 மே 12 வரை நிலக்கரிகூட விமானத்தில்தான் வந்தது.

“லூப்புல போட்டுட்டானா!” என்று அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அக்டோபர் 9

பிரிட்டிஷ் ரயிலைப் பற்றியே நினைப்பு. 1965க்குப் பிறகு பிரிட்டிஷ் ராணுவத்தின் போக்குவரத்துப் பிரிவான ராயல் கார்ப்ஸ் ஆஃப் டிரான்ஸ்போர்ட் நடத்தியது. மேற்கு ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகருக்குப் போய் அன்றே திரும்பிவிடும். சாப்பாட்டுப் பெட்டியில் வெள்ளை மேஜை விரிப்பு, சீருடையில் பரிமாறுபவர்கள். கதவுகள் உள்ளிருந்து பூட்டியிருக்கும்.

கிழக்கு ஜெர்மனியின் எல்லை நிலையமான மரியன்போர்னில் ரயில் நிற்கும். ரயிலின் பொறுப்பதிகாரியும் ரஷ்ய மொழிபெயர்ப்பாளரும் காகிதக் கட்டோடு இறங்கி சோவியத் அதிகாரியிடம் போவார்கள். பயண அனுமதியில் இருக்கும் பெயர் அடையாள அட்டையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பிளாட்பாரத்தில் நிற்கும் கிழக்கு ஜெர்மன் போலீசுக்குக் காகிதத்தைக் காட்டக் கூடாது. காட்டினால் அந்த அரசின் அதிகாரத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

பயணிகள் குறைவான நாளிலும் ரயில் ஓடியது. எங்கள் ஊரில் வயலுக்கு நடுவே போகும் வண்டிப்பாதையை இரண்டு வருஷம் யாரும் மிதிக்காவிட்டால் வரப்புக்காரர் உழுது சேர்த்துக்கொள்வார். அந்தப் பயம்தான் இங்கேயும். பெயர்களைத் தட்டச்சு செய்து சரிபார்த்த குமாஸ்தா சிப்பாய்தான் தினமும் அந்தப் பாதையை மிதித்தவர் என்பேன்.

அக்டோபர் 12, சனி

வேகமான ரயில்கள் இப்போது ஸ்டெண்டால் வழியாகப் போகின்றன. பழைய தடத்தில் போகவேண்டும் என்று பாட்ஸ்டாம் வழியாக மாக்டபுர்க் போய், அங்கே லோக்கல் ரயில் மாறினேன். பிரிட்டிஷ் ரயில் 1991 பிப்ரவரியில் நின்றுபோனது. இந்தத் தடத்தில் இன்று பள்ளிப் பிள்ளைகள், சைக்கிளோடு ஏறும் தாத்தாக்கள்.

மரியன்போர்ன் வந்தது. நீளமான பிளாட்பாரம், ஆளே இல்லை. ராணுவ ரயிலில் வந்தவர்கள் இங்கே ஜன்னல் வழியாகப் படம் எடுக்கக் கூடாது. ரயில் கிளம்புவதற்குள் அவசரமாக சிக்னலை ஒரு படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

பழைய எல்லைக்கு மேற்கே இருக்கும் ஹெல்ம்ஸ்டெட் வருவதற்குள் பதில் வந்துவிட்டது: “பச்சை.”