புல்தரைக்காரர்களின் ஜூலை மாதம்

நியூ ஜெர்சியின் நடுப்பகுதியில் ஒரு ஹார்ட்வேர் கடையில், தோட்டச் சாமான் பிரிவில் வேலை பார்க்கிறேன். உரம், புல் விதை, களைமருந்து, மண், மல்ச் எல்லாம் என் பொறுப்பு. மார்ச்சில் உர மூட்டைகள் லாரியில் வந்து இறங்கிவிட்டால், கோடை முடிகிறவரை உட்கார நேரமிருக்காது. நான் அதிகம் பதில் சொன்ன கேள்வி, புல்தரைக்குள் புகுந்து படரும் கிராப்கிராஸ் என்ற களைப்புல்லைப் பற்றியதுதான். "என்ன அடிச்சா போகும்?" இதை எந்த ஊர்க்காரர் எந்த மொழியில் கேட்டாலும் குரலில் அதே எரிச்சல் இருக்கும். பக்கத்து வீட்டு லான் பச்சைக் கம்பளமாக இருப்பது அந்த எரிச்சலில் பாதி.

கேட்க வருகிற மாதம்தான் தொந்தரவு. பெரும்பாலோர் ஜூலையில் வருவார்கள், அப்போதுதான் அது கண்ணில் படுகிறது. ஆனால் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலுமே முளைத்துவிட்ட செடி அது. ஓராண்டுப் பயிர். வசந்தத்தில் முளைத்து, கோடையில் கொழுத்து, விதையைக் கொட்டிவிட்டு முதல் உறைபனியில் செத்துப்போகும். இங்கே லானுக்குப் போடுகிற கென்டக்கி ப்ளூகிராஸ், ஃபெஸ்க்யூ எல்லாம் குளிருக்கு ஏற்ற ஜாதி. ஜூலை வெயிலில் சோர்ந்துவிடும். கிராப்கிராஸ் சோளம், கரும்பு, கேழ்வரகு வகையறா. வெயில் ஏற ஏற அதற்குக் கொண்டாட்டம். புல் சோர்ந்து இடைவெளி விடுகிற அதே வாரங்களில் இது கை கால் பரப்பி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அதனால்தான் தடுப்பு மருந்து. ப்ரோடியமைன், டைத்தியோபிர், பெண்டிமெத்தலின் என்று பையின் மூலையில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். இவை விதையைக் கொல்வதில்லை. விதை வெடித்து வேர் விடும்போது அந்த வேரை வளரவிடாமல் செய்யும். எனவே முளைக்கும் முன்பே மருந்து மண்ணில் இருக்க வேண்டும், மழையோ ஸ்பிரிங்ளரோ அதை மேல்மண்ணுக்குள் இறக்கியிருக்க வேண்டும். மேல்மண்ணின் சூடு சில நாள் தொடர்ந்து 55 பாரன்ஹீட், அதாவது 13 செல்ஷியஸ் அளவில் நின்றால் முளைப்பு தொடங்கும். தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு இந்தப் பக்கத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு: வேலியோரம் மஞ்சளாகப் பூக்கிற ஃபோர்சித்தியா புதர் பூ உதிர்ப்பதற்குள் போட்டுவிட வேண்டும். பிப்ரவரியில் இரண்டு நாள் வெயில் அடித்ததும் ஓடி வருகிறவர்களும் உண்டு. இந்த மாநிலத்தில் 2011ல் வந்த சட்டப்படி நவம்பர் நடுவிலிருந்து மார்ச் 1 வரை வீட்டு லானுக்கு உரம் போடக்கூடாது. தடுப்பு மருந்து பெரும்பாலும் உரத்தோடு கலந்தே வருவதால், சட்டத்தைக் காட்டி அவர்களைத் திருப்பி அனுப்ப எனக்கு வசதியாகப் போயிற்று.

சட்டையில் குத்தியிருக்கும் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசத் தொடங்குகிறவர்களும் வருவார்கள். மகன் வீட்டுக்கு ஆறு மாதம் தங்க வந்த ஒரு பெரியவர், வண்டியில் தடுப்பு மருந்து மூட்டையையும் புல் விதைப் பையையும் சேர்த்து வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"தம்பி, ரெண்டையும் இன்னைக்கே தூவிடலாம்ல?"

"ஐயா, இது விதையை முளைக்கவிடாத மருந்து. எது கிராப்கிராஸ் விதை, எது நீங்க காசு கொடுத்து வாங்கின விதைன்னு அதுக்குத் தெரியாது."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ மூட்டையில இதைப் பெருசா எழுதக் கூடாதா?" நியாயமான கேள்வி. எழுதத்தான் எழுதியிருக்கிறார்கள், பின்பக்கம். மீசோட்ரையோன் கலந்த வகை ஒன்று இருக்கிறது; அதை ஃபெஸ்க்யூ, ப்ளூகிராஸ் விதைப்போடு சேர்த்துப் போடலாம், விலைதான் கூடுதல். அவர் விதையைத் திருப்பி அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். அதுதான் சரி, வசந்தம் விதைக்கிற காலமில்லை.

களையைப் பிடுங்கி ஜிப்லாக் பையில் போட்டுக் கொண்டுவருகிறவர்களை எனக்குப் பிடிக்கும். போட்டோவைவிட இது மேல். கிராப்கிராஸ் என்று கொண்டுவருவதில் நிறைய கிராப்கிராஸாக இருக்காது. மேசையில் பரப்பிப் பார்ப்பேன். நடுவிலிருந்து நாலாபக்கமும் தரையோடு படுத்த தண்டு, அடியில் லேசான சிவப்பு, மேலே விரல் விரித்தாற்போலக் கதிர் என்றால் அதுதான். தண்டை இரு விரலுக்கிடையில் உருட்டும்போது மூன்று பட்டையாகத் தட்டுப்பட்டால் அது புல்லே இல்லை, கோரை. ஊரில் வயல் பார்த்தவர்கள் நான் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள். இங்கே லானில் பரவுவது மஞ்சள் கோரை, நம் கோரைக்கிழங்குக்குப் பங்காளி. பிடுங்கினால் கிழங்கு மண்ணிலேயே தங்கி மறுபடி கிளம்பும். கிராப்கிராஸ் தடுப்பு மூட்டைகள் அதை அசைக்காது, ஹேலோசல்ஃபியூரான் போலத் தனி மருந்து வேண்டும்.

அருகம்புல்லும் வரும். அதற்கும் விரல் விரித்த கதிர்தான் என்பதால் குழம்புவார்கள். அருகம்புல்லில் எல்லா விரலும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும். கிராப்கிராஸில் ஒன்றுக்கொன்று கொஞ்சம் தள்ளித் தள்ளி ஒட்டியிருக்கும். தெற்கு மாநிலங்களில் பெர்முடா என்று பெயர் சொல்லி விரும்பி வளர்க்கும் லான் புல்லே அருகம்புல்தான். நியூ ஜெர்சி ஃபெஸ்க்யூ லானுக்குள் நுழைந்துவிட்டால் மட்டும் களை. பிள்ளையார் சதுர்த்திக்கு முன்னால் இதே புல்லைத் தேடி அலைகிறவர்களையும் எனக்குத் தெரியும் என்பதால், அழிக்க வழி சொல்லும்போது ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.

சரி, ஜூலையில் வந்துவிட்டார், கையில் இருப்பதும் கிராப்கிராஸ்தான், அப்புறம் என்ன? முளைத்துவிட்ட கிராப்கிராஸைக் கொல்ல குயின்குளோரக் என்ற மருந்து இருக்கிறது. முற்றிய செடிக்கு ஒரு தடவை அடித்தால் போதாமல் இரண்டாவது தடவையும் வேண்டியிருக்கும். விற்கும்போது நான் தவறாமல் கேட்பது, "தக்காளி போட்டிருக்கீங்களா?" என்றுதான். நம்மவர்கள் வீட்டில் கட்டாயம் போட்டிருப்பார்கள், கூடவே கத்தரி, வெண்டை. மருந்து அடித்த லானை வெட்டி, அந்தப் புல்லை வாரித் தக்காளிப் பாத்தியில் மூடாக்காகப் போட்டால் இலை சுருண்டு செடி பாழாகும். களை நாலே செடி என்றால் மருந்தே வேண்டாம், மழை பெய்த மறுநாள் கதிர் விடுவதற்குள் வேரோடு பிடுங்கினால் போதும். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும், அந்த விதை மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

மருந்தே வேண்டாம், குழந்தைகள் விளையாடுகிற இடம் என்பவர்கள் சோள குளூட்டன் கேட்பார்கள், மக்காச்சோளத்தில் மாவுச்சத்தை எடுத்தபின் மிஞ்சும் புரதத் தூள். ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அது களை முளைப்பதைத் தடுக்கும் என்பது நிக் கிறிஸ்டியன்ஸ் 1980களில் கண்டுபிடித்த விஷயம். 1000 சதுர அடிக்கு 20 பவுண்டு தூவ வேண்டும், விலை கையைக் கடிக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு நைட்ரஜன் என்பதால் புல் நன்றாக அடர்ந்து வரும். களையை நிறுத்துவதில் அந்த அளவுக்கு நம்ப முடியாது என்பது என் எண்ணம். கேட்டவரிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் பில் போடுவேன்.

காசில்லாமல் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. அதற்கு என்னிடம் விற்க எதுவுமில்லை என்பதாலோ என்னவோ யாரும் கேட்பதில்லை. மோவரின் பிளேடை மூன்றரை அங்குலத்துக்கு உயர்த்துவதுதான் அது. ஒட்ட வெட்டினால் அடுத்த வாரம் வெட்ட வேண்டியிருக்காது என்று நினைத்து ஒன்றரை அங்குலத்துக்கு மழித்துவிடுகிறார்கள். மண்ணில் நேரே வெயில் விழுகிறது, கிராப்கிராஸ் விதைக்கு வேண்டிய சூடும் வெளிச்சமும் கிடைத்துவிடுகிறது. உயரமான புல் நிழல் போட்டே அதைப் பாதி அடக்கும். ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது, தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட வாரத்துக்கு ஓர் அங்குலம் ஆழமாகப் பாய்ச்சுவது நல்லது. கேட்டுக்கொள்வார்கள், ஆனால் கண் மருந்து அலமாரியில் இருக்கும்.

விதைக்க வேண்டிய காலம் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் முதல் பாதி வரை. மண்ணில் சூடு மிச்சமிருக்கும், காற்று குளிர்ந்திருக்கும், கிராப்கிராஸ் சாகிற நேரம். அந்த வாரங்களில் கடை காலியாகத்தான் கிடக்கும். பள்ளி திறந்து, ஃபுட்பால் தொடங்கி, களை பழுப்பாகிவிட்டால் யாருக்கும் லான் ஞாபகம் வராது.

சில இடங்களுக்கு என்ன செய்தாலும் பலிக்காது. டிரைவ்வேயின் ஓரம் அப்படி. தார் சூட்டில் அங்கே மண் முதலில் காயும், தடுப்பு மருந்தும் முதலில் தீரும், குளிர்காலத்தில் பனி உருக்கத் தூவுகிற உப்பும் அங்கேதான் வழியும். வருடா வருடம் அந்த ஓரடி அகலத்துக்காக மூட்டை வாங்கிப்போகிற ஒருவரிடம், "புல்லை எடுத்துட்டு ஆத்துக்கல் கொட்டிடுங்க சார்" என்றேன். அதற்கும் எங்கள் கடையில்தான் விலை கேட்டார். பதின்மூன்றாவது வரிசை, இடது பக்கம்.