வீணைக்காக ஃபர்னஸில் ஒரு ஹ்யூமிடிஃபையர்

போன வருடம் ஜனவரியில் மகளின் வீணையை உறையிலிருந்து எடுத்தபோது குடத்தின் ஓரத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். தஞ்சாவூரில் பலா மரத்தில் செய்து வாங்கி, கண்ணும் கருத்துமாகக் கனடாவின் மிசிசாகா வரை கொண்டுவந்த வீணை. மெட்டுகளைப் பிடித்திருக்கும் மெழுகும் இரண்டு இடத்தில் விட்டிருந்தது. "மரம் காஞ்சு போச்சுப்பா" என்றாள். அன்று வீட்டுக்குள் ஈரப்பதம் 16 சதவீதம்.

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ்தான் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மைனஸ் 10 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று முடிந்த அளவு முழுக்க ஈரம் தாங்கினாலும் அதில் இருப்பது இரண்டரை கிராமுக்கும் குறைவான நீர். அதே காற்று இடுக்கு வழியாக உள்ளே வந்து 21 டிகிரிக்குச் சூடானால் 18 கிராம் வரை தாங்கும். வெளியே 100 சதவீதமாக இருந்தது உள்ளே 13 சதவீதமாகிவிடுகிறது. அதனால் முதல் வேலையாக அக்டோபரில் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு எல்லாவற்றையும் அடைத்தேன். ஒழுகும் வீட்டில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் வெளியே போய்க்கொண்டேதான் இருக்கும்.

அப்புறம்தான் எந்த வகை என்ற கேள்வி. ஃபர்னஸோடு சேர்த்துக் காற்றுக்கு ஈரம் ஊட்டும் ஹ்யூமிடிஃபையரில் மூன்று வகை. நீராவி வகை தண்ணீரைக் கொதிக்கவைத்து அனுப்புகிறது. நன்றாக வேலை செய்யும், ஆனால் விலையும் மின்சாரமும் அதிகம். இரண்டாவது, தனக்கென்று ஒரு ஃபேன் வைத்த வகை. மூன்றாவது பைபாஸ். ஃபர்னஸிலிருந்து வெளியேறும் சூடான காற்றில் ஒரு பங்கு, ஆறு அங்குலக் குழாய் வழியாக தண்ணீர் வழிந்து ஈரமாக இருக்கும் வலை போன்ற பேனலைக் கடந்து, வீட்டுக் காற்றை ஃபர்னஸுக்குக் கொண்டுவரும் ரிட்டர்ன் குழாய்க்குத் திரும்புகிறது. இரு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசமே காற்றைத் தள்ளுவதால் ஃபேன் வேண்டாம். எங்கள் பேஸ்மென்டில் சூடான காற்று வெளியேறும் சப்ளை குழாய், ரிட்டர்ன் குழாய் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அதனால் பைபாஸ் வகையில் ஏப்ரில்ஏர் 600, கையால் திருப்பும் கட்டுப்பாட்டோடு வாங்கினேன். ஒரு நாளைக்கு 17 கேலன் வரை ஆவியாக்கும் என்பது ஃபர்னஸ் நிற்காமல் ஓடினால் உள்ள கணக்கு. 1,800 சதுர அடி வீட்டுக்கு அதற்குக் குறைவாகவே போதும்.

வாங்கும் முன் செய்த ஒரு சின்ன வேலையை எல்லாருக்கும் சொல்வேன். ஈரப்பதமானி சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஒரு நாள் வைத்தால் 75 காட்ட வேண்டும். என்னுடையது 71 காட்டியது. அதிலிருந்து எந்த அளவையும் நான்கு கூட்டியே படிக்கிறேன்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை தகரத்தில் கை வைத்தேன். ஏசி வேலை தெரிந்த மதுரை நண்பர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்: "அண்ணே, ஏசி காயில் இருக்கிற இடத்துல மட்டும் துளை போட்றாதீங்க." ஃபர்னஸ் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஏசி காயிலில் டிரில் பட்டால் குளிர்வாயு போய்விடும், பெரிய செலவு. காயிலுக்கு மேலே இடம் பார்த்து சப்ளை பக்கம் வட்டத்தை வெட்டினேன். ரிட்டர்ன் பக்கம் ஹ்யூமிடிஃபையர் உட்கார நீள்சதுரம். ஈரப்பதக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் ரிட்டர்னில்தான்; ஆனால் வீட்டுக் காற்று ஹ்யூமிடிஃபையரைத் தொடும் முன்பே அதைத் தொட வேண்டும். மூட்டுகளுக்கு அலுமினிய டேப். சாம்பல் நிறத் துணி டேப் சூட்டில் காய்ந்து உரிந்துவிடும்.

தண்ணீர் இணைப்புக்குக் குழாயைக் குத்தித் துளைக்கும் சிறிய வால்வு ஒன்று பலர் போடுவார்கள். வருடங்கள் கழித்து அது கசியும் என்று கேள்விப்பட்டதால் சுடுநீர்க் குழாயை வெட்டி T வடிவ இணைப்பு ஒன்றும், தனியாக மூடித் திறக்கும் வால்வும் போட்டேன். சுடுநீர் என்றால் ஆவியாவதும் கூடும்.

வயரிங்கில்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஹ்யூமிடிஃபையரின் வால்வு 24 வோல்ட்டில் திறக்கும். ஃபர்னஸ் போர்டில் 'ஹம்' (ஹ்யூமிடிஃபையரின் சுருக்கம்) என்று எழுதிய முனை இருந்தது. நேராக இணைக்கப் போனவன், எதற்கும் இருக்கட்டும் என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன்: 120 வோல்ட். சில போர்டுகளில் அது 24, சிலவற்றில் 120. மெயினை அணைத்துவிட்டு, அந்த முனையில் டிரான்ஸ்ஃபார்மரை மாட்டி, அதன் 24 வோல்ட்டைக் கட்டுப்பாட்டுப் பெட்டி வழியாக வால்வுக்குக் கொடுத்தேன்.

ஓடவிட்டேன். தண்ணீர் சொட்டியது, வடிகுழாயும் ஓடியது, ஆனால் மூன்று நாள் ஆகியும் ஈரப்பதம் 24-ஐத் தாண்டவில்லை. மூடியைத் திறந்து பார்த்தால் பேனலின் வலது பாதி மட்டும் கறுத்து நனைந்திருந்தது. இடது பாதி தொட்டால் சொரசொரவென்று உலர்ந்து கிடந்தது. ரசமட்டம் வைத்தேன். குமிழ் ஒரு கோடு விலகி நின்றது. மேல்தட்டு சாய்ந்திருந்தால் தண்ணீர் முழுக்க ஒரே பக்கம்தான் இறங்கும். ஸ்க்ரூக்களைத் தளர்த்தி நேராக்கியதும் பேனல் முழுக்க ஒரே சீராக நனைந்தது. அடுத்த நாள் 33.

வடிகுழாயின் கீழ் ஒரு மணி நேரம் வாளி வைத்து அளந்தேன், எட்டு லிட்டர் போல வந்தது. மனைவிக்கு இது மனக்கஷ்டம். எனக்கும்தான். ஆனால் அந்த ஓட்டம்தான் சுண்ணாம்பைப் பேனலில் தங்கவிடாமல் அடித்துக்கொண்டு போகிறது.

ஜனவரியில் மைனஸ் 18 வந்த ராத்திரி, கட்டுப்பாடு 38-லேயே இருந்தது. காலையில் மாடி ஜன்னல்களின் கீழ் ஓரம் முழுக்க நீர். வடக்கு அறையில் மரச்சட்டம் வரை இறங்கிவிட்டது. உடனே துடைத்து 25-க்குக் குறைத்தேன். வெளியே உறைநிலையை ஒட்டி இருந்தால் உள்ளே ஈரப்பதம் 40, மைனஸ் 12-க்கு 30, மைனஸ் 18-க்கு 25, மைனஸ் 29 என்றால் 15. நமக்கு எது இதம் என்பதை விட, ஜன்னல் கண்ணாடி எவ்வளவு தாங்கும் என்பதுதான் கணக்கு. கண்ணாடியில் தெரிகிற நீரைத் துடைத்துவிடலாம், சுவருக்குள் சேர்கிற நீர் கண்ணுக்கே தெரியாது. இப்போது தூங்கப் போகும் முன் வானிலை பார்த்துத் திருப்புவது பழக்கமாகிவிட்டது.

கடுங்குளிர் நாட்களில் வீணைக்கு 25 போதாது. அதனால் உறைக்குள் ஒரு சின்ன ஈரப்பையும் வைக்கிறோம். மார்ச்சில் எழுதுகிறேன்: விரிசல் நீளவில்லை. மெழுகைப் புதிதாக வைத்த பிறகு 24 மெட்டும் அசையாமல் நிற்கின்றன. தினமும் சுருதி சேர்க்க வேண்டியிருந்தது, இப்போது மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை. மே மாதம் ஏசி போடும் முன் பைபாஸ் குழாயை அடைக்கும் தகடான டாம்பரை மூட வேண்டும். அடுத்த சீசனுக்கு 35-ஆம் எண் பேனல் ஒன்று வாங்கி ஃபர்னஸ் பக்கத்திலேயே வைத்துவிட்டேன்.