எண்ணெய் தேசத்தின் கடல் தண்ணிக் கணக்கு

மணலி ஆலைக்கு வரும் கச்சா எண்ணெயில் வளைகுடாச் சரக்குக்கு நல்ல பங்கு உண்டு. அதை விற்கிற ஐக்கிய அரபு அமீரகமே அணு உலை கட்டியிருக்கிறது என்றால், அத்திப்பட்டு டீக்கடையில் முதலில் வரும் கேள்வி, "அவனுக்கு என்னப்பா குறைச்சல்?"

குறைச்சல் கேஸில். ஐக்கிய அரபு அமீரகத்தில் மின்நிலையங்கள் ஓடியது பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில். கிடைக்கிற கேஸில் ஒரு பகுதியை, அழுத்தம் இறங்காமல் இருக்க எண்ணெய் வயலுக்குள்ளேயே திருப்பிச் செலுத்தியாக வேண்டும். மீதியில் கணிசமானது ஹைட்ரஜன் சல்பைடு கலந்தது, சுத்தம் பண்ணச் செலவு பிடிக்கும். ஆகவே 2007லிருந்து கத்தாரின் கேஸ், டால்ஃபின் கடலடிக் குழாய் வழியாக, நாளுக்கு ஏறக்குறைய 200 கோடி கன அடி வருகிறது. எண்ணெய்க்குப் பேர்போன நாடு பக்கத்து வீட்டு கேஸில் ஏசி ஓட்டுகிறது. சவுதியில் நிலைமை இன்னும் மோசம், கோடை லோடு ஏறினால் கச்சா எண்ணெயையே மின்நிலையத்தில் எரிக்கிறார்கள்.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் அணு உலை. இடம், அபுதாபியின் மேற்குக் கரையில் பராக்கா. 2009 டிசம்பரில் கொரியாவின் கெப்கோ குழுமத்துடன் ஒப்பந்தம், சுமார் 2,000 கோடி டாலர். ஏபிஆர்-1400 ரகத்தில் நான்கு உலை, மொத்தம் 5,600 மெகாவாட். வடசென்னை அனல்மின் நிலையத்தின் மூன்று கட்டங்களையும் வல்லூரையும் கூட்டினாலும் 4,130தான் வரும். முதல் யூனிட் 2017ல் ஓடியிருக்க வேண்டியது, வணிக உற்பத்திக்கு வந்தது 2021 ஏப்ரலில். நான்காவது 2024 செப்டம்பரில். தாமதத்துக்குப் பெரிய காரணம், உலையை ஓட்டுகிற ஆட்களைத் தயார் பண்ணி உரிமம் வாங்க நாளானது. நடுவில் உலைக் கூடத்தின் கான்கிரீட் சுவரில் வெற்றிடங்கள் வேறு கண்டுபிடிக்கப்பட்டன. கம்பி நெருக்கமாகக் கட்டிய இடத்தில் வைப்ரேட்டர் முனை இறங்காவிட்டால் கலவை அடைக்காமல் பொந்து விழும். வீட்டுத் தூணில் விழுகிற அதே தேன்கூடுதான். ஆனால் இங்கே பலகை பிரித்ததும் பூசி மறைத்துவிட முடியாது, தட்டிப் பார்த்து, அளந்து, நிரப்பி, ஒழுங்குமுறை ஆணையத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

அந்த ஊரில் உலையைவிட எனக்குச் சுவாரசியமானது கண்டன்சர், டர்பைனைச் சுற்றி முடித்த நீராவியைக் கடல் தண்ணியால் குளிர்வித்துத் திரும்பத் தண்ணியாக்கும் கருவி. அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். நிலக்கரி யூனிட்டில் டர்பைனுக்குப் போகும் நீராவி சுமார் 540 டிகிரி. பராக்கா மாதிரி அழுத்த நீர் உலையில் அது 285 டிகிரிப் பக்கம், மேற்கொண்டு சூடேற்றப்படாத ஈர நீராவி. சூடு குறைந்தால் திறனும் குறையும். பராக்காவின் ஒரு உலை 3,983 மெகாவாட் வெப்பம் தருகிறது, அதில் மின்சாரமாவது 1,400. மீதி 2,580 போக வேறு வழி கிடையாது. நிலக்கரி யூனிட்டில் ஒரு பங்கு சூடாவது புகைபோக்கி வழியே தொலையும். உலைக்குப் புகைபோக்கிக் கணக்கு இல்லை, எல்லாம் கடலுக்கு. ஒரு மெகாவாட் மின்சாரத்துக்கு நம்மூர் 600 மெகாவாட் யூனிட் கடலுக்குத் தள்ளுவது ஏறக்குறைய 1.2 மெகாவாட் சூடு என்றால், பராக்கா தள்ளுவது 1.8.

தண்ணி ஏழு டிகிரி ஏறலாம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு யூனிட்டுக்கு நொடிக்குச் சுமார் 90 கன மீட்டர் கடல் தண்ணி. இதே ரக உலை கொரியாவில் குளிர்ந்த கடலோரம் நிற்கிறது. வளைகுடாவில் ஆகஸ்டில் தண்ணியே 35 டிகிரி. உள்ளே 20ல் நுழைந்தால் கண்டன்சருக்குள் நீராவி 31 டிகிரியில் தண்ணியாகும், அங்கே அழுத்தம் 34 மி.மீ. பாதரசம். 35ல் நுழைந்தால் 46 டிகிரி, 76 மி.மீ. ஆகிவிடும். வேக்யூம் (கண்டன்சருக்குள் இருக்கும் வெற்றிடம்) அவ்வளவு இறங்கினால் டர்பைனில் பல பத்து மெகாவாட் காணாமல் போகும். அதுவும் ஊரே ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிற மாதத்தில். அதனால்தான் கொரிய வரைபடத்தை அப்படியே வைக்காமல் பம்பு, வெப்பப் பரிமாற்றி எல்லாவற்றையும் பெரிதாக்க வேண்டியிருந்தது. மே மாதத்தில் நம்ம கன்ட்ரோல் ரூமில் வேக்யூம் முள்ளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்களே, அதே சங்கதிதான்.

இன்னொரு வம்பு, குழாய்க் கசிவு. டைட்டானியம் குழாய் துருப்பிடிக்காது, ஆனால் நீராவி அடித்து அதிர்ந்தோ, உள்ளே மட்டி ஓடு சிக்கியோ ஓட்டை விழும். கண்டன்சருக்குள் வேக்யூம் இருப்பதால் கடல் தண்ணி உள்ளே இழுபடும். ஊசித்துளை அளவு போதும், கண்டன்சேட்டின் (நீராவி குளிர்ந்து ஆன தண்ணியின்) மின்கடத்துதிறன் எகிறிவிடும். அணு உலையில் இந்த உப்பு நேரே நீராவி ஜெனரேட்டருக்குப் போகும். அங்கே கதிரியக்கத் தண்ணிக்கும் சுத்த நீராவிக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டர்ப் பக்கம் தடிமனுள்ள குழாய்ச் சுவர் மட்டுமே, குளோரைடு அதை அரிக்க விடக்கூடாது. வழக்கமான வைத்தியம்: லோடு குறைத்து, கடல் தண்ணி குழாய்களுக்குள் நுழையும் வாட்டர் பாக்ஸை ஒரு பக்கம் மட்டும் மூடித் தண்ணியை வடித்து, மேன்ஹோல் திறந்து உள்ளே இறங்குவது. குழாய்க்கு வெளியே, நீராவிப் பக்கம், வேக்யூம் அப்படியே இருக்கும். குழாய் முனைகளைப் பிடித்திருக்கும் தகட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டினால், கசிகிற குழாயின் வாயில் தாள் குழிந்து உள்வாங்கும். இரு முனையிலும் பிளக் அடித்து மூடவேண்டியதுதான். பெரிய நிலையங்களில் ஹீலியம் வைத்துத் தேடுகிறார்கள். தாள் முறைக்குத்தான் செலவே இல்லை.

எரிபொருள் பக்கம் கதை சின்னது. 600 மெகாவாட் நிலக்கரி யூனிட் முழு லோடில் நம்ம நாட்டு நிலக்கரியை நாளுக்கு 9,000 டன்னுக்கு மேல் தின்னும், கிட்டத்தட்ட இரண்டரை ரேக் (முழுச் சரக்கு ரயில்). பராக்கா உலைக்குள் இருப்பது 241 எரிபொருள் கட்டுகள், சுமார் ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கை மாற்றுகிறார்கள். யுரேனியத்தைத் தாங்களே செறிவூட்ட மாட்டோம் என்று 2009லேயே அமெரிக்காவுடன் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சவுதி பேச்சுவார்த்தை இழுத்ததும் இந்தப் புள்ளியில்தான்.

சூரிய ஒளியில் அமீரகம் வேகமாகவே போகிறது. 2019ல் நூர் அபுதாபி 1,177 மெகாவாட், 2023ல் அல் தஃப்ரா 2,000. பாலைவனம் என்றால் பேனலுக்குச் சொர்க்கம் என்று நினைப்பது தப்பு. பேனலின் திறனை அளப்பது 25 டிகிரியில், அது 65 டிகிரி சூடானால், டிகிரிக்கு 0.35 சதவீதம் வீதம் 14 சதவீத உற்பத்தி போச்சு. மணலைவிட வில்லன் பனி. ராத்திரி ஈரத்தில் தூசி குழைந்து, காலை வெயிலில் சிமென்ட் மாதிரி இறுகும். தண்ணிக்குக் கடலைக் காய்ச்ச வேண்டிய ஊரில் பேனல் கழுவ முடியாது. அதனால் வரிசைக்கு ஒரு ரோபோ பிரஷ், இறுகுவதற்கு முன்னால் உலர் துடைப்பு. எண்ணூர், மீஞ்சூர் மாடிகளில் சாம்பலும் உப்புக்காற்றும் சேர்ந்து இதையே செய்கின்றன. விடியற்காலையில், பேனல் சூடாகுமுன், ஆர்ஓ தண்ணியோ மழைத்தண்ணியோ விட்டுக் கழுவுங்கள். போர் தண்ணி விட்டால் வெள்ளைப் படலம் நிரந்தரம்.

இரவுக்கு? மஸ்தார் நிறுவனம் 2025 ஜனவரியில் அறிவித்த திட்டத்தில், 1,000 மெகாவாட்டை 24 மணி நேரமும் தர 5,200 மெகாவாட் பேனலும் 19,000 மெகாவாட்-மணி பேட்டரியும் வைத்திருக்கிறார்கள். கணக்கு நேர்மையானது. நாளுக்குத் தேவை 24,000 மெகாவாட்-மணி, அதில் வெயில் இல்லாத 16 மணி நேரத்துக்கு 16,000, மேலே இழப்புக்கும் மப்பு நாளுக்கும் கொஞ்சம்.

கடைசி முடிச்சு குடிதண்ணி. பழைய கேஸ் நிலையங்கள் டர்பைனிலிருந்து நீராவி உருவிக் கடல்நீரைக் காய்ச்சின. குளிர்காலத்தில் கரண்ட் தேவை சரிந்தாலும் தண்ணித் தேவை சரியாது, ஆக தண்ணிக்காகவே கேஸை எரித்தாக வேண்டும். அணு உலையும் சூரியனும் வந்த பிறகு இது அபத்தம். அதனால், காய்ச்சாமல் பம்பு அழுத்தத்தில் சவ்வு வழியே உப்பை வடிக்கும் ஆர்ஓவுக்கு மாறுகிறார்கள். அபுதாபியின் தவீலா ஆர்ஓ ஆலை நாளுக்கு 90 கோடி லிட்டர், நம்ம மீஞ்சூர் ஆலை 10 கோடி. கன மீட்டருக்கு 3 யூனிட் கரண்ட் என்றாலும் தவீலாவுக்குத் தொடர்ந்து ஏறக்குறைய 113 மெகாவாட் வேண்டும், அதை எந்த மின்நிலையமும் கொடுக்கலாம்.

ஆனால் உலை, ஆர்ஓ ரெண்டும் வாய் வைப்பது ஒரே கடலில். 2008-09ல் செம்பாசி பெருகி அங்கே சுத்திகரிப்பு ஆலைகள் நின்றன. சொறி மீன் கூட்டம் வந்தால் வடிகட்டித் திரை அடைபடும், எண்ணெய்க் கசிவு வந்தால் இன்னும் கஷ்டம். அதற்காக லிவா பாலைவனத்தின் மணல்மேட்டுக்கு அடியில் 2.6 கோடி கன மீட்டர் நல்ல தண்ணியை இறக்கி வைத்திருக்கிறார்கள், 2018ல் முடிந்தது, 90 நாள் தாங்கும். சோழவரம் ஏரி நிரம்பினால் கொள்வதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. மண்ணுக்கடியில் இருப்பதால் வெயிலில் ஆவியாகாது.