எக்ஸ்எம்எல் சரிபார்க்கும் பேஸ் கிளாஸ்: டிசைன் தேர்வில் இந்தக் கேள்வி வந்தால்

"எக்ஸ்எம்எல் ஆவணங்களைச் சரிபார்க்க ஒரு பேஸ் கிளாஸ் வடிவமைக்கவும். டிடிடி, எக்ஸ்எஸ்டி, ரிலாக்ஸ் என்ஜி மூன்றுக்குமான சப்கிளாஸ்களை அதிலிருந்து உருவாக்கவும்." ஆப்ஜெக்ட் ஓரியன்டட் டிசைன் தாளில் எனக்கு வந்த பெரிய கேள்வி இது. டிடிடி, எக்ஸ்எஸ்டி, ரிலாக்ஸ் என்ஜி மூன்றும் ஓர் எக்ஸ்எம்எல் ஆவணம் எப்படி இருக்கவேண்டும் என்ற விதிகளை எழுதும் மொழிகள்; அப்படி எழுதிய விதித் தொகுப்புக்கு ஸ்கீமா என்று பெயர். எழுத்துத் தேர்வோடு விடவில்லை, வைவா என்ற வாய்மொழித் தேர்விலும் இதையே பிடித்துக்கொண்டு குடைந்தார்கள். அடுத்து எழுதப்போகிறவர்களுக்காக, எதைத் தயார் செய்துகொண்டு போனால் உதவும் என்பதை எழுதுகிறேன்.

பெரும்பாலானவர்களுக்கு உடனே தோன்றும் விடை ஒன்றுதான்: ஒரு அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ், அதில் ஆவணத்தை வாங்கி ஆம் அல்லது இல்லை என்று திருப்பித் தரும் ஒரே ஒரு மெத்தட், கீழே மூன்று பெட்டிகள், மூன்று அம்புக்குறிகள். தேர்ச்சிக்கு இது போதும். ஆனால் "உன் மெத்தட் 'இல்லை' என்று சொன்னால் என்ன அர்த்தம்?" என்று தேர்வாளர் கேட்டால் இந்த விடை திணறிவிடும்.

ஏனென்றால் அந்த 'இல்லை'க்குள் பல சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. ஒரு டேகை மூட மறந்திருக்கலாம், அப்படியானால் அது எக்ஸ்எம்எல்லே இல்லை. எல்லா டேகும் சரியாக மூடியிருந்தும் கட்டாயமான ஒரு எலிமென்ட் விட்டுப்போயிருக்கலாம், அது எக்ஸ்எம்எல்தான், விதிப்படி செல்லாத எக்ஸ்எம்எல். ஸ்கீமா கோப்பிலேயே பிழை இருக்கலாம். கோப்பே கிடைக்காமல் போயிருக்கலாம். கடைசி இரண்டிலும் ஆவணத்தைப் பற்றி நமக்கு எதுவுமே தெரியாது. தெரியாததைத் தவறு என்று அறிவிக்கும் கிளாஸ் பொய் சொல்கிறது. அதனால் முடிவு மூன்று வகை என்று வைத்துக்கொள்ளுங்கள்: செல்லும், செல்லாது, சோதிக்கவே முடியவில்லை. முதல் இரண்டும் மெத்தட் திருப்பித் தரவேண்டிய விடைகள். மூன்றாவது எக்ஸெப்ஷனாகப் போகட்டும். இந்த ஒரு பிரிவை விடைத்தாளில் தெளிவாக எழுதிவிட்டால் மிச்ச டிசைன் அதன் பின்னால் தானாக வரும்.

டேக் மூடாத ஆவணம் இதில் எந்தப் பக்கம்? இதற்கு 1998-இல் வந்த எக்ஸ்எம்எல் 1.0 விவரக்குறிப்பையே துணைக்கு அழைக்கலாம். அமைப்பே உடைந்திருந்தால் அது மீளமுடியாத பிழை, பார்ஸர் (ஆவணத்தைப் படித்துப் பிரிக்கும் நிரல்) வழக்கம்போலத் தொடரக்கூடாது என்கிறது அது. விதி மீறல் அப்படியல்ல, சொல்லிவிட்டு மேலே போகலாம். ஜாவாவின் சாக்ஸ் பார்ஸரில் எரர் ஹேண்ட்லருக்கு எச்சரிக்கை, பிழை, மீளமுடியாத பிழை என்று மூன்று தனித்தனி மெத்தட்கள் இருப்பதும் இதனால்தான். என் விடையில் உடைந்த ஆவணத்தை 'செல்லாது' பக்கமே வைத்தேன், ஆனால் முதல் பிழையோடு நிறுத்தி, விதிகளைச் சோதிக்கும் கட்டத்துக்கு அனுப்பாமல். எக்ஸெப்ஷனாக விட்டாலும் தவறில்லை. எது என்பதைச் சொல்லி, காரணமும் ஒரு வரி எழுதுங்கள்.

பேஸ் கிளாஸுக்குள் என்ன இருக்கவேண்டும்? மாறாதது மட்டும். ஆவணத்தைத் திற, பார்ஸ் செய், விதிகளைச் சோதி, பிழைகளைத் திரட்டி முடிவு ஆப்ஜெக்டாகக் கொடு. இந்த வரிசை மூன்று சப்கிளாஸுக்கும் ஒன்றுதான். மாறுவது 'விதிகளைச் சோதி' என்ற படி மட்டும். ஆகவே வெளியிலிருந்து கூப்பிடும் மெத்தட் பேஸ் கிளாஸில் ஃபைனலாக இருக்கட்டும், உள்ளே கூப்பிடப்படும் அந்த ஒரு படி மட்டும் அப்ஸ்ட்ராக்ட். டெம்ப்ளேட் மெத்தட் பேட்டர்ன் என்று பெயர் எழுதுங்கள். பெயருக்கும் மதிப்பெண் உண்டு.

பிழைப் பட்டியலை எங்கே வைப்பது என்பது அற்பமாகத் தெரியும், ஆனால் வைவாவில் தவறாமல் வரும். பேஸ் கிளாஸின் ஃபீல்டாக வைத்தால், அதே ஆப்ஜெக்டால் இரண்டாவது ஆவணத்தைச் சோதிக்கும்போது முதல் ஆவணத்தின் பிழைகளும் ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு முறையும் புது முடிவு ஆப்ஜெக்ட் உருவாக்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஜாவாவின் நிலையான லைப்ரரி இதை அழகாகப் பிரித்திருக்கிறது: ஸ்கீமா ஆப்ஜெக்டைப் பல த்ரெட்கள் பகிர்ந்துகொள்ளலாம், வேலிடேட்டர் ஆப்ஜெக்டைப் பகிரக்கூடாது. ஒவ்வொரு பிழையோடும் வரி எண், நெடுவரிசை எண், கடுமை, செய்தி நான்கும் இருக்கட்டும். "ஆவணம் தவறு" என்று மட்டும் சொல்லும் கருவியை யாரும் இரண்டாம் முறை பயன்படுத்தமாட்டார்கள்.

அடுத்தது, கன்ஸ்ட்ரக்டர் பொறி. ஸ்கீமாவை ஏற்றுவதும் சப்கிளாஸுக்குச் சப்கிளாஸ் மாறும், எனவே அதையும் ஒரு அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் ஆக்கி பேஸ் கன்ஸ்ட்ரக்டரிலிருந்தே கூப்பிட்டுவிடலாம் என்று கை தானாகப் போகும். ஜாவாவில் பேஸ் கன்ஸ்ட்ரக்டர் ஓடும் நேரத்தில் சப்கிளாஸின் ஃபீல்டுகளுக்கு இன்னும் மதிப்பு வந்திருக்காது. ஓவர்ரைடு செய்த மெத்தட் ஓடும், ஸ்கீமா கோப்பின் பாதையைத் தேடும், அங்கே நல் (வெற்று மதிப்பு) இருக்கும். சி பிளஸ் பிளஸில் கதை வேறு: சப்கிளாஸின் மெத்தட் கூப்பிடப்படவே மாட்டாது. சப்கிளாஸ் தன் ஸ்கீமாவைத் தானே ஏற்றிக்கொண்டு வரட்டும், அல்லது முதல் முறை தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளட்டும். சி பிளஸ் பிளஸில் எழுதுபவர்கள் விர்ச்சுவல் டிஸ்ட்ரக்டரை மறக்கவேண்டாம், அவ்வளவுதான்.

இப்போது எக்ஸ்எஸ்டியால் முடியாத ஒன்றைப் பார்ப்போம், தேர்வில் எடுத்துக்காட்டாக எழுத வசதியானது. ஒரு நூல் பட்டியலில் ஐஎஸ்பிஎன் எலிமென்டுக்குள் 9780306406157 இருக்கிறது. பதின்மூன்று இலக்கம் என்ற பேட்டர்னை எக்ஸ்எஸ்டியில் எழுதலாம். கடைசி 7-ஐ 1 ஆக்கிப் பாருங்கள். இன்னும் பதின்மூன்று இலக்கம்தான், எக்ஸ்எஸ்டி 1.0 சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் முதல் பன்னிரண்டு இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால் 93 வருகிறது, அடுத்த பத்தின் மடங்குக்கு 7 தேவை, ஆகவே சோதனை இலக்கம் 7 மட்டுமே இருக்கமுடியும். இந்த மாதிரிக் கணக்கை எக்ஸ்பாத் (எக்ஸ்எம்எல்லின் பகுதிகளைக் குறிப்பிட்டுக் கணக்கிடும் மொழி) கொண்டு சோதிக்க ஸ்கீமாட்ரான் என்ற இன்னொரு விதி மொழி இருக்கிறது. 2012-இல் வந்த எக்ஸ்எஸ்டி 1.1-இலும் அசர்ஷன், அதாவது உண்மையாக இருக்கவேண்டிய நிபந்தனை, எழுதலாம். உடனே தேர்வாளர் கேட்பார்: "எக்ஸ்எஸ்டியும் ஸ்கீமாட்ரானும் சேர்ந்து வேண்டுமென்றால்?" இரண்டிலிருந்தும் மரபுரிமை பெறும் கிளாஸ் என்று சொல்லிவிடாதீர்கள். பேஸ் கிளாஸிலிருந்து வந்த இன்னொரு சப்கிளாஸ், தன்னுள் வேலிடேட்டர்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு வரிசையாக ஓட்டி முடிவுகளைச் சேர்க்கும். இதற்குப் பெயர் காம்போஸிட் பேட்டர்ன்.

பேஸ் கிளாஸ் கொடுத்த வாக்கைச் சப்கிளாஸ் மீறக்கூடாது என்ற லிஸ்காவ் விதியை மனப்பாடமாக ஒப்பிப்பதைவிட இந்தச் சூழலுக்குள் ஓர் உதாரணம் காட்டுவது நல்லது. டிடிடியும் எக்ஸ்எஸ்டியும் விடுபட்ட அட்ரிபியூட்டுக்கு இயல்பு மதிப்பு கொடுக்க வல்லவை. ரிலாக்ஸ் என்ஜியின் அடிப்படை விவரக்குறிப்பில் அந்த வேலை இல்லை. "சோதனை ஆவணத்தை மாற்றாது" என்று உங்கள் பேஸ் கிளாஸ் வாக்குக் கொடுத்துவிட்டு, எக்ஸ்எஸ்டி சப்கிளாஸ் சத்தமில்லாமல் அட்ரிபியூட்களைச் சேர்த்தால் வாக்கு முறிந்துவிட்டது. மதிப்புகளை நிரப்புவதைத் தனி மெத்தட் ஆக்குங்கள்.

பாதுகாப்பு பற்றி ஒரு பத்தி எழுதினால் விடை தனித்துத் தெரியும். என்டிட்டி என்பது வேறொரு உரைக்கோ கோப்புக்கோ வைத்த சுருக்கப் பெயர். வெளிக் கோப்புகளைச் சுட்டும் என்டிட்டிகளைத் திறந்து படிக்கும் பார்ஸர், சர்வரில் இருக்கும் கோப்பையே தாக்குபவருக்குக் காட்டிக்கொடுக்கும். ஒன்றுக்குள் பத்து, அதற்குள் பத்து என்று அடுக்கிய என்டிட்டிகள் சின்னக் கோப்பிலிருந்து நூறு கோடிச் சொற்களாக விரிந்து நினைவகத்தை விழுங்கும். பார்ஸரைத் திறக்கும் இடம் பேஸ் கிளாஸில் ஒன்றே ஒன்றாக இருப்பதால் இவற்றை அங்கேயே அடைத்துவிடலாம். "ஏன் இன்டர்ஃபேஸ் போதாது?" என்ற கேள்விக்கு என்னிடம் இருந்த வலுவான பதில் இதுதான்.

படிக்க ஒரு நிஜ மாதிரி வேண்டுமானால் பைத்தானின் எல்எக்ஸ்எம்எல் லைப்ரரியைத் திறந்து பாருங்கள். டிடிடி, எக்ஸ்எஸ்டி, ரிலாக்ஸ் என்ஜி, ஸ்கீமாட்ரான் எல்லாவற்றுக்கும் பொதுவான பேஸ் கிளாஸ் ஒன்று அதில் இருக்கிறது. ஆம், இல்லை என்று சொல்லும் மெத்தட் ஒன்று, செல்லாவிட்டால் எக்ஸெப்ஷன் எறியும் மெத்தட் ஒன்று, பக்கத்தில் வரி எண்ணோடு கூடிய பிழைப் பதிவு. ஸ்கீமாவிலேயே கோளாறு என்றால் ஆப்ஜெக்ட் உருவாகும்போதே வேறு வகை எக்ஸெப்ஷன் வந்துவிடும். தேர்வுக்கு முன் நான்கு கோப்புகளைத் தயார் செய்து அதில் ஓட்டிப் பாருங்கள்: சரியான ஆவணம் ஒன்று, எலிமென்ட் விடுபட்டது ஒன்று, டேக் மூடாதது ஒன்று, உடைந்த ஸ்கீமா ஒன்று. நான்குக்கும் என்ன வருகிறது என்று குறித்துவைத்துக்கொண்டு, உங்கள் டிசைனில் அந்த நான்கும் எங்கே போய் விழுகின்றன என்று காகிதத்தில் கோடு போட்டுப் பாருங்கள்.