நூலும் கடப்பாரையும்: ஒரு புது ஆளின் நாட்குறிப்பு

ஏப்ரல் 21, 2025, திங்கள்

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் 11 ஆண்டுகள் நான் மெய்ப்புத் திருத்தி வந்த தமிழ் அச்சகம் பிப்ரவரியில் மூடப்பட்டது. இரண்டு மாதம் வேலை தேடிச் சலித்த பிறகு, வீடு கட்டும் ஒப்பந்தம் எடுக்கும் மேஸ்திரியான என் தாய்மாமாவிடம் போய் நின்றேன். ஹொரமாவுப் பக்கம் ஒரு காலி மனையில் இன்று வேலை தொடங்கியது. பெங்களூரில் மனையை யாரும் மனை என்று சொல்வதில்லை. தமிழருக்கும் அது சைட்தான்.

முதல் நாள் முழுவதும் செடி கொத்துவதும் கல் பொறுக்குவதுமாகவே கழிந்தது. உடன் வேலை செய்யும் கல்புர்கித் தம்பி கன்னடத்தில் கடப்பாரையை ஹாரெ என்கிறான், மண்வெட்டியைச் சலிகெ என்கிறான். கடப்பாரையை இறுகப் பிடித்துக் குத்தியதில் பகல் 11 மணிக்குள் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம் வந்துவிட்டது. தூக்குவது மட்டுமே நம் வேலை, இறங்குவது அதன் எடையின் வேலை, தரையைத் தொடும் நேரத்தில் பிடி தளர்ந்திருக்க வேண்டும் என்று மாமா இரண்டு முறை செய்து காட்டினார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து இருபது ஆண்டுகளாகச் சித்தாள் வேலை பார்க்கும் அக்கா, துண்டைச் சும்மாடாகச் சுற்றும் முறையையும், மண் சுமக்கும் சட்டியான பாண்டைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கிக் குந்தி எழும் முறையையும் சொல்லிக் கொடுத்தார். பாண்டை முழுதாக நிரப்பி என் வீரத்தைக் காட்டப் பார்த்தபோது, "முக்கா பாண்டு போதும் தம்பி, சாயங்காலம் வரைக்கும் தூக்கணும்ல" என்றார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்று, கட்டடத்தின் அளவைத் தரையில் குறிக்க, நூல் கட்டினோம். இந்த ஒரு நாளுக்காகவே இந்த வேலைக்கு வந்திருக்கலாம் என்று தோன்றிற்று.

சைட்டின் அளவு 30-க்கு 40 அடி. இந்த ஊரில் மிகச் சாதாரணமான அளவு இது. அடியும் அங்குலமும் மட்டுமே தெரிந்த மேஸ்திரிகளுக்கு இந்த அளவு ஒரு வரம் என்பதை இன்றுதான் அறிந்தேன். 3, 4, 5 என்ற கணக்கில் ஒரு முக்கோணம் அமைந்தால் அதன் மூலை செங்கோணமாக இருக்கும். இதைப் பத்தால் பெருக்கினால் 30, 40, 50. ஆகவே நான்கு மூலையிலும் முளை அடித்துக் குறுக்காக அளவு நாடா பிடித்தால், இரண்டு மூலைவிட்டமும் சரியாக 50 அடி காட்ட வேண்டும். நான் அடித்த முளைகளுக்கு ஒன்று 50 அடி 2½ அங்குலமும், மற்றொன்று 49 அடி 9½ அங்குலமும் காட்டின. நான்கு பக்கமும் அளவு சரியாகவே இருந்தும் கட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது என்பதே இதன் பொருள். முன்பக்கக் கோட்டை அப்படியே வைத்துக்கொண்டு பின்பக்க முளைகள் இரண்டையும் சுமார் 4 அங்குலம் பக்கவாட்டில் நகர்த்திய பிறகுதான் இரண்டும் 50-க்கு வந்தன. அச்சிட்ட பக்கத்தின் ஓரம் கோணியிருப்பதைத் தொலைவிலிருந்தே கண்டுபிடிக்கும் அச்சகக் கண் எனக்கு உண்டு என்று நினைத்திருந்தேன். 40 அடி நீளத்தில் 4 அங்குலக் கோணலை அந்தக் கண் பார்க்கவில்லை.

தூண் குழிகளுக்கான நூலை வேறு முளைகளில் கட்டினோம். அவற்றைக் குழியின் ஓரத்தில் அடிக்காமல் 3 அடி தள்ளி அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தோண்டும்போது முளையும் மண்ணோடு போய்விடும், பிறகு எதை வைத்துச் சரிபார்ப்பது என்று மாமா கேட்டார்.

ஏப்ரல் 24, வியாழன்

மட்டம் பார்க்கும் நாள். குமிழி வைத்த ரசமட்டம் இரண்டு மூன்று அடிக்கு உதவும்; சைட்டின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஒரே உயரம் குறிக்க வேண்டுமானால் டியூப் லெவல்தான். கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை முதல் குறியில் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் தேவையான இடத்துக்குக் கொண்டு போனால், தண்ணீர் இரு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கும். பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவரில் மாமா பென்சிலால் போட்ட கோடு எங்கள் முதல் குறி.

என் பிழை மிக எளிது. நடக்கும்போது தண்ணீர் சிந்தாமலிருக்கக் கட்டைவிரலால் முனையை அடைத்தேன். நின்ற பிறகு விரலை எடுக்க மறந்தேன். அடைத்த முனையில் தண்ணீர் தன் இடத்துக்குப் போகாது. ஒன்றரை அங்குலம் பிசகிய குறியை நம்பி மூன்று முளைகளில் கோடு போட்டுவிட்டேன். நான்காவது முளையில் கல்புர்கித் தம்பி தன் முனையிலிருந்து குரல் கொடுத்து என் விரலைக் காட்டினான். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தாலும், குழாய் எங்காவது மடிந்திருந்தாலும் இதே கதைதான். மூன்றையும் அழித்து மீண்டும் குறித்தோம். மாமா திட்டவில்லை, தேநீர் மட்டும் எனக்குக் கடைசியாக வந்தது.

ஏப்ரல் 26, சனி

வாரச் சம்பளம் பட்டுவாடா. எனக்கு நாளொன்றுக்கு 700 ரூபாய், அக்காவுக்கு 600. வேலைக்கு வந்து ஆறு நாளான நான், எனக்குச் சும்மாடு சுற்றக் கற்றுக் கொடுத்தவரைவிட நாளுக்கு 100 ரூபாய் அதிகம் வாங்குகிறேன். சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் 1976-இல் வந்தது. மாமாவிடம் கேட்டேன், எல்லா இடத்திலும் அப்படித்தான் என்றார். அது பதிலாகாது என்று சொல்ல வாய் வரவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

ஜேசிபி வந்து ஒன்பது தூண்களுக்கும் குழி தோண்டியது. மேலே இரண்டு அடி செம்மண், அதன் கீழே கல் கலந்த கெட்டி மண்ணான மொரம்பு. 5 அடி ஆழம் வேண்டும் என்றால் இயந்திரம் நாலரை அடியில் நின்றுவிட வேண்டும். கடைசி அரை அடியைக் கையால் வெட்ட வேண்டும். இயந்திரத்தின் பல் பட்டால் அடிமண் இளகிவிடும், இளகிய மண்ணின் மேல் கட்டடம் உட்கார்ந்தால் பின்னாளில் கீழே இறங்கும். தவறி ஆழம் கூடிவிட்ட ஒரு குழியில் மண்ணைத் தள்ளி நிரப்பப் போனேன். மாமா தடுத்தார். ஒரு முறை எடுத்த மண்ணைத் திரும்பப் போட்டால் அது பழைய மண்ணாகாது, அந்த இடத்தைக் கான்கிரீட்டால்தான் நிரப்ப வேண்டும் என்றார்.

இன்னொன்றும் கவனித்தேன். குழியிலிருந்து எடுத்த மண் அதே குழிக்குள் அடங்காத அளவுக்குப் பெருகுகிறது. சைட் சிறியது, மண்ணை எங்கே கொட்டுவது என்பதே பெரிய சிக்கல். பக்கத்துக் காலி சைட்டில் கொட்டச் சொல்லியிருந்தும், ஓட்டுநர் அவசரத்தில் இரண்டு குழிகளின் மண்ணை ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போனார். பார்த்துக்கொண்டு நின்றேன். புது ஆள் என்பதால் எதுவும் சொல்லவில்லை.

மே 3, சனி

நேற்று மாலை நல்ல மழை. இன்று காலை வந்து பார்த்தபோது, ஓரத்தில் மண் குவிந்திருந்த குழிகளில் ஒன்றின் கிழக்குப் பக்கம் முழுவதும் சரிந்து உள்ளே கிடந்தது. நேற்று மதியம் அந்தக் குழியில்தான் நானும் தம்பியும் அடிமண் வெட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு கன மீட்டர் மண்ணின் எடை ஒன்றரை டன்னுக்கு மேல். இடுப்பு வரை மூடினாலே ஆளை இழுத்து எடுக்க முடியாது. மார்பு வரை மூடினால் மூச்சை வெளியே விட முடியும், உள்ளே இழுக்க முடியாது. மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலிருந்து 1.5 மீட்டருக்குள்ளோ ஆழத்தில் பாதி தூரத்துக்குள்ளோ, இவற்றில் எது அதிகமோ அதற்குள், போடக்கூடாது; 1.5 மீட்டரும் அதற்கு மேலும் ஆழமானால் பக்கங்களைப் படிபோல் சரித்து வெட்ட வேண்டும் அல்லது பலகை கொடுத்துத் தாங்க வேண்டும். 4 அடி ஆழத்திலிருந்தே ஏணி இருக்க வேண்டும். எங்கள் குழி 5 அடி, அதாவது 1.5 மீட்டரை ஏறக்குறைய ஒரு அங்குலம் தாண்டுகிறது. ஏணி இல்லை. தம்பியின் தோளில் கால் வைத்துத்தான் நான் ஏறி வந்துகொண்டிருந்தேன்.

திங்களன்று மண் குவிப்பதைப் பார்த்தேன் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "புது ஆளுன்னா கண்ணு இல்லையா மாப்பிள்ளை? அங்கேயே கத்தியிருக்கணும்" என்றார். சரிந்த மண்ணை அள்ளியதோடு, மீதிக் குழிகளின் ஓரக் குவியல்களையும் நால்வர் சேர்ந்து பக்கத்து சைட்டுக்கு மாற்றி முடிக்க மாலை 5 ஆயிற்று. வாடகைக்கு ஒரு மூங்கில் ஏணியும் வந்தது.

மே 7, புதன்

குழியின் அடியில் 4 அங்குலக் கான்கிரீட் படுக்கை. கலவை 1:4:8. சிமென்ட் ஒரு மூட்டை 50 கிலோ. அதன் கன அளவு 35 லிட்டர். அதனால் அளக்கும் மரப்பெட்டியும் 35 லிட்டர் கொள்ளும்படி 40-க்கு 35-க்கு 25 சென்டிமீட்டர் அளவில் செய்யப்பட்டிருக்கிறது. ஒரு மூட்டைக்கு நான்கு பெட்டி எம் சாண்ட் என்னும், கல்லை உடைத்துச் செய்யும் மணல், எட்டுப் பெட்டி ஜல்லி. பாண்டால் அளந்தால் வேலை விரைவாக நடக்கும், ஆனால் ஆளுக்கு ஆள் பாண்டின் நிறைவு மாறும். முதலில் உலர்ந்த நிலையிலேயே நிறம் ஒன்றாகும் வரை புரட்ட வேண்டும், பிறகே தண்ணீர். எளிதாகத் தள்ளலாம் என்று நான் ஒரு வாளி கூடுதலாக ஊற்றப் போனபோது அக்கா வாளியை வாங்கிக்கொண்டார்.

மே 9, வெள்ளி

நேற்று வேலைக்குப் போகவில்லை. செருப்பணிந்த காலோடு ஈரக் கலவையில் நின்றதில் விரலிடுக்கெல்லாம் வெந்து புண்ணாகிவிட்டது. சிமென்ட் நீரில் காரத்தன்மை மிகுதி. தோலை அது மெல்ல அரிக்கும், அரிக்கும்போது வலிப்பதில்லை. இன்று ரப்பர் பூட்ஸ் வாங்கினேன்.

மே 20, செவ்வாய்

ஞாயிறு இரவு பெய்த மழையில் ஹொரமாவின் சாய் லேஅவுட் முதலிய இடங்கள் மூழ்கின. நேற்று வேலை இல்லை. எங்கள் சைட்டில் அடித்தளமும் தூணும் ஏற்கெனவே எழும்பி இறுகிவிட்டதால் சேதம் இல்லை. குழிகளில் தேங்கிய நீரை மோட்டார் வைத்து இறைத்தோம். சேறான மேல்மண்ணை அள்ளி எறிந்த பிறகுதான் நிரப்பும் வேலையைத் தொடங்கலாம்.

மே 23, வெள்ளி

மண் நிரப்புதல். மொத்தமாகக் கொட்டி மேலே மிதித்தால் மேல் பகுதி மட்டும் இறுகும், கீழே பொள்ளலாகவே இருக்கும். அது ஓராண்டு கழித்துத் தரை ஓடுகள் தாழும்போது தெரியும். ஆகவே 6 அங்குலத்துக்கு ஓர் அடுக்கு, தண்ணீர் தெளிப்பு, திமிசுக்கட்டையால் இடிப்பு, பிறகு அடுத்த அடுக்கு. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈரம் போதும், கையில் ஒட்டினால் அதிகம். ஒவ்வோர் அடுக்கு முடிந்ததும் மாமா இடுப்பளவு உயரத்திலிருந்து கடப்பாரையை நழுவவிட்டு, முனை எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தார். மூலைகளில் அது ஆழமாக இறங்கிற்று. நடுவில் நின்று இடிப்பது எளிது. மூலையில் கட்டை சுவரில் படும் என்று நான் ஒதுங்கிப் போயிருந்தேன். மூலைகளை மறுபடி இடித்தேன்.

மே 28, புதன்

இன்று கழிவுநீர்க் குழாய். 4 அங்குலக் குழாய்க்கு 40-க்கு 1 என்ற சரிவு, அதாவது 10 அடிக்கு 3 அங்குலம். சரிவு குறைந்தால் கழிவு தேங்கும். தாழ்ந்த முனையிலிருந்து தொடங்கி, குழாயின் அகன்ற வாய் மேட்டை நோக்கியிருக்குமாறு பதித்துக்கொண்டு போக வேண்டும். ரசமட்டத்தின் ஒரு முனையில் அளவாக வெட்டிய கட்டையை ஒட்டி வைத்து, குமிழி நடுவில் நின்றால் சரிவு சரி என்று பார்க்கும் உத்தி எனக்குப் பிடித்துவிட்டது. 40 அடி நீளத்தையும் நான் தனியாகவே மட்டம் பார்த்தேன். டியூப் லெவலில் சரிபார்த்த மாமா கால் அங்குலம் மட்டும் திருத்தினார்.

இன்றோடு எனக்கு 30 வேலை நாள்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிய, முந்தைய 12 மாதங்களில் 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும். வயது 18-லிருந்து 60-க்குள். இந்தக் குறிப்பேட்டில் நாள்களை எண்ணி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். அக்காவும் இதுவரை பதியவில்லை என்று இன்றுதான் தெரிந்தது; அவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வந்த நாள்களைக் குறித்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ராமமூர்த்தி நகரில் அடுத்த சைட். 20-க்கு 30. மூலைவிட்டம் எவ்வளவு வரும் என்று பேருந்தில் கணக்குப் போட்டு, 36 அடியும் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவும் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் கணக்கைக் கேட்டுக்கொண்டார். "முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவை நாடாவுல எங்கே பிடிப்பே? மூலையில 6, 8, 10 போடு" என்றார்.